லேட்டரல் என்ட்ரியில் போறீங்களா? முதலில் இன்டக்ரேஷன்

மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. ஆல் கிளியர், மூன்றாம் கணக்குப் பேப்பரான எம்-3 உள்பட. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அப்புறம் சோம்பல் வந்துவிடும்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, டிஎன்எல்இஏ (தமிழ்நாடு லேட்டரல் என்ட்ரி அட்மிஷன்) கவுன்சிலிங்கில் ஓர் அரசு பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்தவன் நான். நான் படிப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி). தன்னாட்சிக் கல்லூரியோ வேறு ரெகுலேஷனோ என்றால் பாடத்திட்டம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலிங் பற்றி ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. 60 இடம் உள்ள பிரிவில் லேட்டரலுக்கு 10 சதவீதம், அதாவது 6 இடம். முதலாம் ஆண்டில் நிரம்பாத இடம் இருந்தால் கூடும். நல்ல அரசு கல்லூரிகளில் அதை நம்பி உட்கார முடியாது. அதற்காக 'நமக்கெங்கே கிடைக்கப்போகிறது' என்று நீங்களே தீர்ப்பு எழுதி, ஆசைப்பட்ட கல்லூரியைச் சாய்ஸ் லிஸ்டில் கீழே தள்ளாதீர்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குப் போகும், அவ்வளவுதான்.

இனி எம்-3. ரெகுலர் பசங்க முதலாம் ஆண்டில் இரண்டு கணக்குப் பேப்பர் எழுதிவிட்டு வருகிறார்கள். நமக்குப் பாலிடெக்னிக் முதல் வருஷத்தோடு கணக்கு போயிற்று. அதன்பிறகு லேத், தெர்மல், டிராயிங் என்றே காலம் ஓடியிருக்கும். போதாததற்கு கவுன்சிலிங் முடிந்து நாம் உள்ளே நுழையும்போது வகுப்பு எப்போதோ தொடங்கிவிட்டிருக்கும். நான் போய் உட்கார்ந்த அன்று போர்டில் ஃபூரியர் சீரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. 'டிப்ளமோவா? எம்-3 பார்த்துக்கோ' என்று ஒருவர் சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அவரிடம் மார்க்கைக் காட்ட வேண்டும் போல்தான் இருக்கிறது, காட்ட மாட்டேன்.

ஐந்து யூனிட்டையும் முதலிலிருந்து படிக்கப் போகாதீர்கள். ஃபூரியர் சீரிஸ், ஃபூரியர் டிரான்ஸ்பார்ம், பிடிஇ (பகுதி வகைக்கெழுச் சமன்பாடு) அப்ளிகேஷன் மூன்றிலும் நம்மை உதைப்பது தியரி இல்லை, இன்டக்ரேஷன். அதிலும் பெர்னோலி ஃபார்முலா. ஒரு பக்கம் டிஃபரன்ஷியேட், மறுபக்கம் இன்டக்ரேட், குறி பிளஸ் மைனஸ் பிளஸ். இதைக் கை தானாகப் போடும் வரை போடுங்கள். எக்ஸ் ஸ்கொயருக்கு மைனஸ் பை (π) முதல் பை வரை ஃபூரியர் சீரிஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஈவன் ஃபங்ஷன், அதனால் சைன் டெர்ம்களின் கெழு பி-என் பூஜ்ஜியம், பாதி வேலை மிச்சம். காஸ் டெர்ம்களின் கெழு ஏ-என்னுக்குப் பெர்னோலி போட்டால் மூன்று டெர்ம் வரும். சைன் என் பை பூஜ்ஜியம் என்பதால் இரண்டு காணாமல் போகும். காஸ் என் பை என்பது மைனஸ் ஒன்றின் என் அடுக்கு. மிஞ்சுவது அதை நான்கால் பெருக்கி என் ஸ்கொயரால் வகுத்தது. கடைசியில் எக்ஸுக்குப் பை போட்டால் ஒன்று, கால், ஒன்பதில் ஒன்று என்று போகும் தொடரின் கூட்டல் பை ஸ்கொயரை ஆறால் வகுத்தது என்று விழும். முழுசாக வந்த அன்றுதான் இந்தப் பேப்பரை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றியது.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவராது. விடியற்காலையில் மெஸ் திறப்பதற்குள் தனியாக இரண்டு கணக்கு, அதுதான் என் வழி. ராத்திரிப் பட்சிகள் அவரவர் நேரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

- மைனஸ் ஒன்றின் அடுக்கு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைப் பொறுத்து மாறும் பிளஸ் மைனஸ் குறிகளை முதலில் சரிசெய்யுங்கள், மார்க் அங்கேதான் போகிறது.
- இசட் டிரான்ஸ்பார்முக்கு இன்டக்ரேஷன் பெரிதாக வேண்டாம். முழு 16 மார்க் அங்கே உறுதி.
- தெர்மோடைனமிக்ஸ் பேப்பருக்கு ஸ்டீம் டேபிள் (நீராவி அளவு அட்டவணை) புத்தகத்தைச் சொந்தமாக வாங்குங்கள். கடன் வாங்கினால் தேர்வுக்கு முந்தின நாள் கேட்பார்கள்.
- மேனுஃபேக்சரிங் பிராசஸ் நமக்கு வீட்டுச் சாப்பாடு. அதற்காகப் புத்தகத்தைத் திறக்காமல் இருக்காதீர்கள், டெஃபனிஷன் இங்கிலீஷில் எழுத வேண்டும்.

வகுப்பில் ஒட்டுவது வேறு கதை. ஒரு வருஷமாகப் பழகிய கும்பலுக்குள் நடுவில் போய் நிற்கிறோம். ஹாஸ்டல் ரூம் நிரம்பியிருக்கும், வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கவே ஆள் பிடிக்க வேண்டும். நானாகப் போய்ப் பேசும் ரகம் இல்லை. எனக்கு வழி விட்டது லேப்தான். நாலு ஜா சக்கில் (லேத்தில் வேலைத்துண்டைப் பிடிக்கும் நான்கு தாடைப் பிடி) ஒருவன் ஜாப்பை மாட்டிவிட்டு, அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'டேய் டிப்ளமோ, கொஞ்சம் வந்து பாருடா.' சாக்பீஸை ஓடும் ஜாப்புக்குப் பக்கத்தில் மெல்லக் கொண்டுபோனேன். கோடு விழுந்த பக்கம்தான் மேடு. நிறுத்தி, எதிர்ப்பக்க ஜாவைத் தளர்த்தி, கோட்டுப் பக்க ஜாவை இறுக்கினேன். மறுபடி சாக்பீஸ். இப்போது சுற்றிலும் கோடு. அன்றைக்குச் சாயங்காலம் அவனே ரூமுக்கு வந்து, எனக்கு விட்டுப்போன பிடிஇ வகுப்பு நோட்டைக் கொடுத்தான். டிப்ளமோ என்ற பட்டப்பெயர் மட்டும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) விஷயம்: ரெகுலருக்கு 8 செமஸ்டர், நமக்கு 6. ஒரு செமஸ்டர் சறுக்கினால் நமக்கு இழப்பு அதிகம். இதைச் சேரும்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

மெக்கானிக்கலுக்கு நான்காம் செமஸ்டரில் தனிக் கணக்குப் பேப்பர் கிடையாது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இருக்கிறது, பெண்டிங் மொமென்ட் டயகிராம் டிப்ளமோவிலேயே போட்டதுதான். எம்-3 நோட்டை ஜூனியர் லேட்டரல் பசங்களுக்கு எடுத்து வைத்துவிட்டேன், ஆகஸ்டில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.