கிஃப்ட் இல்லையப்பா, யிஃப்ட்

நோர்வேயில் ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் ஒரு படிவம் நிரப்பவேண்டி வந்தது. பெயர், பிறந்த திகதி எல்லாம் குத்துமதிப்பாகப் புரிந்தது. கீழே ஒரு சின்னக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'கிஃப்ட்' என்று இருந்தது. ஊரிலிருந்து அன்பளிப்பு ஏதும் கொண்டுவந்தேனா என்று கேட்கிறார்களாக்கும் என்று வெறுமையாக விட்டுவிட்டேன். என் மனுசன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது கிஃப்ட் இல்லையப்பா, யிஃப்ட். கலியாணம் முடிச்சாச்சோ எண்டு கேக்கினம்."

சரி, படித்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் சுவரில் 'யிஃப்ட்' என்று தொடங்கும் ஒரு தகவல் சேவையின் பெயரைக் கண்டேன். கலியாணத் தரகையும் இங்கே அரசாங்கமே பார்க்கிறது போல! விசாரித்தால், பிள்ளை சவர்க்காரத் தண்ணியைக் குடித்துவிட்டால் கூப்பிட்டு ஆலோசனை கேட்கும் இடமாம். யிஃப்ட் என்றால் நஞ்சும்தான்.

இந்தச் சொல் 'கொடு' என்று பொருள்படும் அவர்களுடைய வினையிலிருந்து பிறந்தது. பெண்ணைக் கொடுப்பது கலியாணமாயிற்று. நாமும் 'பெண் கொடுத்த இடம்' என்றுதானே சொல்கிறோம். பழைய ஆங்கிலத்திலும் இது பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருளைக் குறித்த சொல். நஞ்சு வந்த வழிதான் சுவாரசியம். கிரேக்கர் ஒரு வேளை மருந்தை 'டோசிஸ்', அதாவது கொடுத்தது, என்றார்கள். ஜெர்மானியர் அதைத் தங்கள் 'கொடு'வால் மொழிபெயர்க்க, மருந்து மெல்ல நஞ்சாகிவிட்டது. எனக்கு இது புதினமாகப் படவில்லை. காய்ச்சலுக்குக் குடிப்பதும் வெங்காயத்துக்கு அடிப்பதும் எங்களுக்கு மருந்துதான்.

ஐஸ்லாந்தில் 'கிஃப்டா' என்றால் அதிர்ஷ்டமும்கூட. நாம் 'கொடுத்துவைத்தவள்' என்பதுபோல.

உச்சரிப்பிலும் ஒரு கூத்து. பழைய ஆங்கிலேயர் இதை 'ய' ஓசையோடுதான் சொன்னார்கள். அழுத்தமான 'க' இந்த வடநாட்டிலிருந்து போன கடலோடிகளான வைக்கிங்குகளோடு வந்தது. அதை அங்கே கொடுத்துவிட்டு, நோர்வேக்காரர் பின்னாளில் 'ய'வுக்கு மாறிவிட்டார்கள்!

ஜெர்மனியில் இன்று கிஃப்ட் நஞ்சு மட்டுமே. ஆனால் சீதனத்துக்கு அவர்களுடைய பழைய சொல் 'மித்கிஃப்ட்'. கூடவே கொடுத்துவிடுவது என்று பொருள். இன்றைய காதுக்கோ 'கூடவே வரும் நஞ்சு' என்று கேட்கும். இதை ஊரிலுள்ள மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அவனுக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருந்திருக்கும்" என்றார்.