நாள்பெட்டி: ஆற்காட்டு முற்றுகை முடிந்தது நவம்பர் 14 இல்லை

நாள்பெட்டி என்றால் வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அட்டை, அதே தேதியில் வெவ்வேறு வருஷங்களில் நடந்தவை அதில் ஜோடியாக. என் பெட்டியின் நவம்பர் 14 அட்டையைக் கிழித்தாகிவிட்டது. 'ஆற்காட்டு முற்றுகை முடிவு 1751, நேரு பிறப்பு 1889' என்று மையிலேயே எழுதி முடித்த அட்டை. இரண்டு தேதியும் புத்தகத்தில் இருப்பவைதான், ஆனால் ஜோடி பொய். நாள்பெட்டி செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி இது.

1752 வரை இங்கிலாந்து பழைய ஜூலியன் கணக்கில்தான் இருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 வியாழன் என்று எண்ணித்தான் புதுக் கணக்குக்கு வந்தார்கள். அதுவரை சென்னைக் கோட்டைக் கணக்கர் எழுதியது, கிளைவின் ஆட்கள் எழுதியது எல்லாமே பழைய தேதி. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது புதுக் கணக்கான கிரிகோரியன். 1751ல் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே நாளுக்கு 11 தேதி வித்தியாசம். ஆற்காட்டு முற்றுகை செப்டம்பர் 23 முதல் நவம்பர் 14 வரை என்று நாம் படிப்பது பழைய கணக்கு. இன்றைய கணக்கில் அக்டோபர் 4 முதல் நவம்பர் 25.

'பழைய கணக்கு என்று எப்படித் தெரியும்?' என்று கேட்பவர்களுக்கு மொகரம் ஒன்றே போதும். கடைசித் தாக்குதல் மொகரம் நாட்களில் நடந்தது என்பதை எல்லா வரலாறும் சொல்கிறது. மொகரம் மாதத்தோடு தொடங்கும் இஸ்லாமிய வருஷம் ஹிஜ்ரி 1165 பிறந்தது கிரிகோரியன் 1751 நவம்பர் 20 வாக்கில். நவம்பர் 14 புதுத் தேதியாக இருந்தால் மொகரம் இன்னும் பிறக்கவே இல்லை. நவம்பர் 25 என்று வைத்தால் முதல் பத்து நாளுக்குள் சரியாக உட்காருகிறது. பிறை கணக்குக்கு ஐரோப்பாவின் இந்தத் தகராறு தெரியாது, அதனால் இதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

இழப்பும் இல்லை. 1949 நவம்பர் 25 அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் நிறைவுரை ஆற்றிய நாள். 1989 செப்டம்பர் 30ல் நம் வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது இந்த வேலூர்ப் பக்கத்துக்கு வந்த பெயர் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஆற்காடும் அம்பேத்கரும் ஒரே அட்டையில். பெட்டியில் இப்போது இதுதான் முதல் தரமான ஜோடி.

ஆம்பூர்ச் சண்டையிலும் இதே கோளாறு. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் விழுந்த நாளை ஆங்கிலேயர் பக்கத்துப் பழைய நூல் 1749 ஜூலை 23 என்கிறது, பிரெஞ்சுப் பக்கம் ஆகஸ்ட் 3 என்கிறது. கவனிக்காவிட்டால் ஒரு சண்டைக்கு இரண்டு அட்டை முளைக்கும். இங்கே கைகொடுப்பது கிழமை. கணக்கு மாறினாலும் கிழமை அறுபடாது. 1749 ஆகஸ்ட் 3 கிரிகோரியனில் ஞாயிறு. ஜூலை 23 ஜூலியனிலும் ஞாயிறு. ஜூலை 23 கிரிகோரியனாக இருந்தால் புதன். மூலத்தில் கிழமை இருந்தால் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், தேதி அப்புறம்.

ஜூலியன் தேதியோடு கூட்டவேண்டியது: 1582 அக்டோபரிலிருந்து 1700 பிப்ரவரி முடிய 10 நாள், அதன்பின் 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, பிறகு 13. 1582க்கு முந்தையதைத் தொடவேண்டாம், எழுதியபடியே போடலாம். இன்னொரு வில்லங்கம், 1752க்கு முன் இங்கிலாந்தில் வருஷம் பிறந்தது மார்ச் 25ல். ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் 1749/50 என்று இரட்டை வருஷம் இருந்தால் பின்னதை எடுங்கள்.

பொய் இரட்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் 1856 ஜூன் 28. ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது அன்று. நிகோலா டெஸ்லாவின் ஞானஸ்நானப் பதிவிலும் பிறப்பு 1856 ஜூன் 28தான். வருஷம்கூட ஒன்று! ஆனால் அது செர்பியத் திருச்சபையின் ஜூலியன் தேதி. 12 கூட்டினால் ஜூலை 10. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி ஓடத் தொடங்கியது ஜூலை 1 என்பதால் அதற்குத் தனி அட்டை. விழா நாளையும் ஓடிய நாளையும் ஒன்றாகக் குழப்பவேண்டாம்.

டெஸ்லாவின் பிறப்பு இப்படி நகர்ந்து வந்த ஜூலை 10தான் நம் பெட்டியின் தலைப்பிள்ளை. 1806 வேலூர்ப் புரட்சி, 1913ல் அமெரிக்காவின் டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ், 1949 சுனில் கவாஸ்கர், 1962 டெல்ஸ்டார் செயற்கைக்கோள். 1806ல் கிரிகோரியன் குழப்பம் இல்லை, கிழமை வியாழன். ஆனால் தமிழ்க் கிழமை எழுதும்போது கவனம். கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது விடியுமுன். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில்தான் மாறும், ஆக அந்த நேரம் இன்னும் புதன்கிழமை. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்தது விடிந்தபின், வியாழன். ஒரே ஆங்கிலத் தேதி, இரண்டு தமிழ்க் கிழமை. அட்டையில் இரண்டையும் போட்டேன்.

தமிழ் தேதியை இன்றைய நாட்காட்டியைப் பார்த்து எழுதாதீர்கள். இப்போது ஜூலை 10 என்றால் ஆனி 26. வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கில் வருஷம் 365.2587 நாள், கிரிகோரியன் 365.2425. சுமார் 62 வருஷத்துக்கு ஒரு நாள் நழுவும். 1806ல், அட்சய வருஷத்தில், அதே ஜூலை 10 ஆனிக் கடைசிக்கு மூன்று நாள் நெருங்கி இருந்தது. ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பில் தமிழ் மாதத் தேதியும் கிரிகோரியன் தேதியும் சேர்ந்தே வருவதால், 1700களின் நடுப்பகுதிக்கு இந்த நழுவலைச் சரிபார்க்க அதுவே நல்ல அளவுகோல்.

ஜோடி கிடைத்தது என்று துள்ளவும் வேண்டாம். 23 நிகழ்ச்சி எடுத்தாலே இரண்டு ஒரே நாளில் விழ பாதிக்கு மேல் வாய்ப்பு. 60 எடுத்தால் சராசரியாக ஐந்து ஜோடி தானாக விழும். ஊரோடோ பொருளோடோ ஒட்டுகிற ஜோடியை மட்டும் வைப்பதே என் வழக்கம்.

பெட்டி பற்றி. 300 ஜிஎஸ்எம் அட்டை 0.35 மிமீ, 366க்கு 128 மிமீ, மாதப் பிரிப்பான் 12க்கு 12 மிமீ, புரட்ட இடம் 50. உள்நீளம் 190 மிமீ. அட்டை 127க்கு 76. வெட்டும்போது காகித நார் நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும் என்று கடையில் அழுத்திச் சொல்லுங்கள். முதல் கட்டு குறுக்கு நாரில் வெட்டி வந்தது, வேலூர் வெயிலில் ஒரே வாரத்தில் அப்பளம்போல் வளைந்தது. மாதப் பிரிப்பானுக்கு ராணிப்பேட்டைப் பக்கத்து வெட்டுத் தோல், 1 மிமீ. கிரோம் பதனிட்டதில் மாதப் பெயர் அச்சு நிற்காது, மரப்பட்டையில் பதனிட்ட தோல் கேட்டு வாங்கவேண்டும். தோலை அட்டையில் ஒட்ட ரப்பர் சொல்யூஷன். வெள்ளைப் பசை ஈரம் இழுத்து அட்டையைச் சுருக்குகிறது. இரண்டு மூலம் ஒத்துப்போகும்வரை பென்சில், அப்புறம்தான் மை.

அடுத்து டிசம்பர் 9: 1870ல் ராணிப்பேட்டையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் பிறப்பு, 1946ல் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டம். கவிஞர் மில்டனையும் அதில் சேர்ப்பார்கள், 1608 ஜூலியன். அவர் டிசம்பர் 19க்குப் போகவேண்டும். ஜனவரி 22ல் வந்தவாசிச் சண்டை 1760, செவ்வாய்க்கிழமை, அதற்குள் இங்கிலாந்து மாறிவிட்டதால் அப்படியே மையில் ஏற்றலாம். ஆகஸ்ட் 3ல் ஆம்பூருக்குத் துணையாக 1492 கொலம்பஸ் புறப்பாடு பென்சிலில் இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை. பிப்ரவரி 29க்கு இன்னும் நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றும் அகப்படவில்லை, அட்டை காலி.