நீறு பூத்த மெத்தை

மார்ச் 3, 2025, திங்கள்

இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் கருகல் வாசம். அடுப்பைப் பார்த்தேன், ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்பாவின் அறைக் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. விளக்கைப் போட்டால், இடுப்புக்கு மேலே அறை முழுக்கப் புகை மிதக்கிறது. தீ எங்கும் தெரியவில்லை. அப்பா அசையாமல் படுத்திருந்தார். உலுக்கி உலுக்கி எழுப்பினேன். "தலை வலிக்குதும்மா" என்றார்.

மெத்தை ஓரத்தில் நாணயம் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. ஒரு ஜக் தண்ணீரை ஊற்றியதும் புகை நின்றது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில், ஒரு முழம் தள்ளி வேறொரு இடத்திலிருந்து மறுபடியும் புகை. கணவரும் நானும் மெத்தையை நிமிர்த்தி வெளியே இழுத்துக்கொண்டு போனோம். வாசல் கதவைத் திறந்து காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றிக்கொண்டது. அவருடைய முன்கை முடி பொசுங்கியது. எப்படியோ வெளியே தள்ளி, வாளி வாளியாக ஊற்றி அணைத்தோம். கிழித்துப் பார்த்தால், நாணயம் அளவு ஓட்டைக்குக் கீழே ஒரு பானையை வைக்கும் அளவுக்கு உள்ளே குடைந்து கருகியிருந்தது.

இவ்வளவும் நடக்கும்போது மகள் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

"பத்தரைக்கே சிகரெட்டை அணைச்சுட்டுத்தாம்மா படுத்தேன்." அப்பா இன்று பேசியது இது மட்டும்தான். அவர் சொல்வதை நம்புகிறேன். துண்டை நசுக்கித்தான் இருப்பார். அதற்கு முன்பே நுனியிலிருந்து ஒரு கங்கு உதிர்ந்திருக்கிறது. பத்தரையிலிருந்து இரண்டு மணி வரை, மூன்றரை மணி நேரம், அவர் முதுகுக்குக் கீழே அது கனன்றுகொண்டு இருந்திருக்கிறது.

மூட்டு வலியோடு குளிரில் வெளியே நிற்க வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அறையிலேயே பிடியுங்கள் என்று சொன்னது நான். இரண்டு நாளாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

கணவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வந்தார், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மெத்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "யாருக்குப் போன் பண்ணீங்க?" யாருக்கும் இல்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

புகையும் மெத்தையை வீட்டு வழியாக வெளியே இழுத்துக்கொண்டு போகவே கூடாதாம். ஓடும் காற்றுப் பட்டால் கனல் தீயாக மாறும். வாசலில் சிக்கிக்கொண்டால் வெளியேறும் வழியும் அடைபடும். அப்பாவை வெளியே கொண்டுவந்து, அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, குழந்தையோடு எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மேலே ஊற்றும் தண்ணீர் ஃபோமுக்குள் பரவிய கனலை எட்டாது. அணைந்தது போலவே இருக்கும்.

சிகரெட்டின் நுனி, புகையை இழுக்கும்போது 900 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்றார். சும்மா வைத்திருந்தாலும் சில நூறு டிகிரிக்குக் குறையாது. பஞ்சுக்கும் ஃபோமுக்கும் உள்ளே சுவாலை விடப் போதுமான காற்று இல்லை, ஆனால் கனன்றுகொண்டே இருக்கப் போதும். அப்படி அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மற்றப் புகைக்கு வாசம் உண்டே என்று கேட்டேன். "தூங்கும்போது மூக்கும் தூங்கிடும்மா. வாசம் வந்து எழுப்பும்னு நம்பாதீங்க." அப்பாவின் தலைவலிக்குக் காரணம் என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நீறு பூத்த நெருப்பு என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எல்லாமே மனிதர்களின் கோபத்தைப் பற்றி.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவின் அறையில் ஒன்று, வெளியே நடையில் ஒன்று, ஆக இரண்டு புகை அலாரம் மாட்டினோம். ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் வகையைத்தான் கேட்டு வாங்கினேன். கனன்று புகையும் தீயை அதுதான் சீக்கிரம் கண்டுகொள்ளும். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும். 10 ஆண்டில் கருவியையே மாற்ற வேண்டும்.

மார்ச் 15, சனி

இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவின் வறண்ட தோலுக்குத் தினமும் தடவும் களிம்பு போர்வையிலும் சட்டையிலும் ஊறிவிடுகிறது. ஊறிக் காய்ந்த துணி சட்டென்று தீப்பிடிக்கும், வேகமாகவும் எரியும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. பாரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு இல்லாத களிம்பும் இப்படித்தான் என்று பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது. வயதானவர், களிம்பு, படுக்கை, சிகரெட். நான்கும் ஒரே அறையில் இத்தனை வருடம் இருந்திருக்கின்றன.

வீட்டில் ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளும் நோயாளி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அந்த வாயு துணியிலும் முடியிலும் தங்கி நிற்கும். கருவியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

மார்ச் 22, சனி

அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். "தானாவே அணையுற சிகரெட் வந்துடுச்சுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். உண்மைதான். காகிதத்தில் இடையிடையே தடித்த பட்டை வைத்து, இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும்படி செய்கிறார்கள். நியூயார்க் மாநிலம் 2004இல், கனடா 2005இல், ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கட்டாயமாக்கின. பட்டையை எட்டும் வரை அதுவும் எரியும்தானே அப்பா, உதிர்ந்த கங்கை எந்தப் பட்டை தடுக்கும் என்றேன். பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்.

அவர் சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. டாக்டரிடமும் பேசியிருக்கிறோம். ஆனால் விடும் நாள் வரைக்கும் மகளை அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் படுக்கவைக்க என்னால் முடியாது. இனி வீட்டுக்குள் யாரும் பிடிப்பதில்லை, விருந்தினரும்கூட. வெளியே ஒரு நாற்காலி, பாதி தண்ணீர் ஊற்றிய ஒரு கனத்த தகர டப்பா. பூந்தொட்டியில் குத்தி அணைக்கும் பழக்கமும் நின்றது. காய்ந்த தொட்டி மண்ணில் மட்கும் நாரும் கலந்திருக்கும், அதுவும் உள்ளுக்குள் புகையும்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று இரவு நல்ல மழை. பத்தரைக்கு அப்பா வாசற்படியில் குடையோடு நின்றார். உள்ளேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்று பழையபடி வாய்வரை வந்துவிட்டது. பேசாமல் இன்னொரு குடையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். பிடித்து முடித்ததும் துண்டைத் தண்ணீரில் போட்டார், குனிந்து விரலால் அமுக்கிப் பார்த்தார். அப்புறம் சட்டை மடிப்பையும் நாற்காலி இடுக்கையும் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "வா, போகலாம்" என்றார்.