டி7-இன் குட்டி இஞ்சின்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஜாலோங் செல்லும் சாலையோரத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த பலகை ஆலையின் நிலம் கைமாறிவிட்டது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் கழிந்ததும் பழைய இரும்பு வாங்குபவர் வந்து அங்கிருப்பவற்றை எல்லாம் வெட்டி எடுத்துப் போவார் என்று, ஆலை முதலாளியான தவுக்கேயின் மகன் இன்று காலை என் பட்டறைக்கு வந்தபோது சொன்னார். ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் சாவியையே கொடுத்துவிட்டார்.

இடுப்பளவு வளர்ந்த லாலாங் புல்லை விலக்கிக்கொண்டு நடந்தபோது, முதலில் கண்ணில் பட்டது கேட்டர்பில்லர் டி7 என்ற சங்கிலி டிராக்டர். அதன் சங்கிலிகள் பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பின்புறத்து வின்ச்சில் கம்பி வடம் சுற்றியபடியே துருவேறிக் கிடந்தது. மண் தள்ளும் தகடு ஹைட்ராலிக்கால் அன்றிக் கம்பியால் தூக்கப்படும் பழைய வகை. அதாவது, தகட்டைத் தூக்கத்தான் இஞ்சினால் முடியும். அது தன் எடையால் தானே கீழே விழ வேண்டுமே தவிர, மண்ணுக்குள் அழுத்தி இறக்க முடியாது. கடினமான மண்ணை வெட்டுவதற்கு அதை ஓட்டியவர் எத்தனை முறை முன்னும் பின்னும் போயிருக்க வேண்டும் என்பது, இன்றைய இயந்திரங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்காது.

அதற்கு அப்பால், கொட்டகையின் நிழலில் மரம் ஏற்றும் சரக்கு வண்டியான லோரி ஒன்று நின்றிருந்தது. அதைப் பற்றி நாளை மறுநாள் எழுதுகிறேன். இன்று அதன் அருகில் நெடுநேரம் நிற்க மனம் இடம் தரவில்லை. என் தந்தை ஓட்டியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

4 பிப்ரவரி, செவ்வாய்

எங்கள் வட்டாரத்துச் சீனர்கள் அந்த லோரியைச் ‘சான் தாய் வோங்’, அதாவது மலையரசன் என்பார்கள். மலாய்க்காரர்கள் ‘லோரி ஹந்து’ என்பார்கள். நாங்கள் பேய் லோரி என்றோம். கதவு கிடையாது, விளக்குகள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. போர் முடிந்தபின் படையினர் கழித்துக்கட்டிய வண்டிகளை வாங்கி, இருக்கையையும் கூரையையும் பலகையால் அடித்து, தேய்ந்த பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சினைப் பொருத்திக் காட்டுக்குள் அனுப்பினார்கள்.

முகப்புக் கண்ணாடிச் சட்டத்தைக் கண்டதும் இது எந்த வண்டி என்று தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் ஃபோர்டும் செவ்ரலேயும் ஒரே வடிவத்தில் படைக்குச் செய்து கொடுத்த லோரிகளில், 13-ஆம் எண் கூண்டு எனப்படும் பிற்கால வகைக்குக் கண்ணாடி தலைகீழாகச் சாய்ந்திருக்கும்; மேல் விளிம்பு முன்னே துருத்தி, கீழ் விளிம்பு உள்ளே தள்ளி நிற்கும். வெயில் பட்டு மின்னி வானூர்திக்கு இடம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மரம் ஏற்றிய எங்கள் ஆட்களுக்கு வானூர்தியைப் பற்றிய அச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் மழைநீர் கண்ணாடியில் தங்காது என்று என் தந்தை அந்தச் சாய்வைப் புகழ்ந்து பேசுவார்.

இஞ்சினைக் காணவில்லை. யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

6 பிப்ரவரி, வியாழன்

டி7-ஐ ஓட்டியவர் இன்னும் நம் ஊரிலேயே இருக்கிறார் என்று அம்மா நினைவூட்டினார். அவருக்கு வயது 86. என் தந்தையோடு ஒரே கொங்சியில், அதாவது தொழிலாளர் கொட்டகையில், தங்கி வேலை செய்தவர் என்பதால் நான் பெரியப்பா என்று அழைப்பது வழக்கம். மகள் வீட்டு முன்கூடத்தில் அமர்ந்திருந்தார். காது சற்று மந்தம். ஆயினும் நினைவில் எந்த மங்கலும் இல்லை.

அவர் டிராக்டர் பழகியது காட்டில் அல்ல, தோட்டத்தில். மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களை வேரோடு தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், 19 வயதில், ஓட்டுநருக்கு எண்ணெய்த் தகரம் தூக்கிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். பின்னர், பெரிய தோட்டங்களைக் கூறு போட்டு விற்கத் தொடங்கினார்கள். அந்தத் துண்டாடலில் வீடும் வேலையும் இழந்தவர்களுக்காகத்தான், நம் ஊரில் பிறந்த, அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கச் சொன்னார். பெரியப்பா வேலை செய்த தோட்டம் அதற்குள் கைமீறிப் போயிருந்தது. கைத்தொழில் தெரிந்தவர் என்பதால் வெட்டுமரக் குத்தகைக்காரர் ஒருவர் அவரைக் காட்டுக்கு அழைத்துக்கொண்டார்.

டி7-ஐ எப்படிக் கிளப்புவீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்ல அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அந்த அரை மணியும் அவர் கைகள் காற்றில் லீவர்களைப் பிடித்துக்கொண்டே இருந்தன. பெரிய டீசல் இஞ்சினைக் கையால் சுற்ற யாராலும் ஆகாது. ஆகவே அதன் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் இஞ்சின் ஒன்றை வைத்திருந்தார்கள். குட்டி இஞ்சின் என்பது காட்டில் அதற்கு வழங்கிய பெயர். முதலில் பெட்ரோல் குழாயைத் திறந்து, குட்டியைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்ப வேண்டும். பிறகு டீசலின் அழுத்தத்தை விடுவிக்கும் லீவரைத் தள்ளிவைத்துவிட்டு, குட்டியின் பல்சக்கரத்தைப் பெரிய இஞ்சினோடு கோத்து, அதைச் சும்மா சுழல விட வேண்டும். குட்டியைச் சுற்றி வரும் தண்ணீரே பெரியதையும் சுற்றி வரும். குட்டியின் புகை போகும் வழி, பெரிய இஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயைச் சூடாக்கும். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் எழுந்த பிறகே அழுத்த லீவரைத் திருப்பி, டீசலைத் திறக்க வேண்டும். பனி விழும் நாட்டுக்காக யோசித்துச் செய்த இந்த ஏற்பாடு, விடிகாலையில் ஈரம் சொட்டும் பேராக் காட்டிலும் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

“குட்டிய நிறுத்துறப்ப சாவிய அமுக்கி நிறுத்தக் கூடாது தம்பி. பெட்ரோல் குழாய மூடிட்டு, அதுவா குடிச்சி முடிச்சி நிக்கட்டும்னு விடணும். காபரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் தங்குனா பிசினாயிடும், அடுத்த நாள் வேல கெட்டுடும்” என்றார். ஒரு நாள்கூடத் தாம் இதைத் தவறவிட்டதில்லை என்றும் சொன்னார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பெரியப்பாவை இன்று வளாகத்துக்கு அழைத்துச் சென்றேன். நானும் என் மகனும் இருபுறமும் தாங்கிப் பிடிக்க, சங்கிலியின் மேல் கால் வைத்து ஏறி இருக்கையில் அமர்ந்தார். மெத்தை மக்கிப்போய்க் கம்பிச் சுருள்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. மடித்த கோணியைப் போட்டோம். அமர்ந்ததும் அவருடைய இரு கைகளும் தாமாகவே திருப்பு லீவர்களுக்குச் சென்றன.

இறக்கத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் இதுவரை எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை என்பதால் இங்கே விரிவாகவே பதிகிறேன். சமதரையில் இடப்பக்க லீவரை இழுத்தால், இடப்பக்கச் சங்கிலிக்குப் போகும் விசை அறுந்து, வலப்பக்கச் சங்கிலி மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ நிலைமை நேர்மாறானது. அங்கே வண்டியைத் தள்ளுவது அதன் எடை; 11 டன்னுக்கு மேற்பட்ட அந்த எடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதுதான் இஞ்சின். அந்நேரத்தில் இடப்பக்க லீவரை இழுத்தால், இடப்பக்கச் சங்கிலி இஞ்சினின் பிடியிலிருந்து நழுவி வேகமாக உருளும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். ஆகவே இறக்கத்தில் இடப்பக்கம் போக வேண்டுமானால் வலப்பக்க லீவரை இழுக்க வேண்டும். அல்லது இடப்பக்க லீவரோடு அந்தப் பக்கத்து பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும்.

இதை அறிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். பெரியப்பா தலையை ஆட்டினார். இறக்கமா சமதரையா என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் பின்னால் இழுத்துவரும் மரம் எப்போது தரையில் உரசித் தடுக்கிறது, எப்போது ஈரக் களிமண்ணில் வழுக்கி முன்னே தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரே சரிவில் நான்கு முறை இரண்டும் மாறி மாறி வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கை மாற வேண்டும். இருக்கையின் கீழே வரும் அதிர்வையும், இஞ்சின் இழுக்கிறதா இழுபடுகிறதா என்ற ஒலி வேறுபாட்டையும் வைத்தே அதை அறிந்துகொண்டதாகச் சொன்னார். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் தவறான லீவரை இழுத்துப் பள்ளத்தில் உருண்டதைத் தாம் நேரில் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது. அந்த மனிதரின் குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டதாம். வேறு எதுவும் இல்லை.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் தண்ணீர்ப் பந்தலின் அருகே, என் தந்தையிடம் கெலிண்டனாக, அதாவது லோரி உதவியாளராக, இருந்தவரைப் பெரியப்பாவின் மருமகன் அடையாளம் காட்டினார். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே பத்து நிமிடமே பேச முடிந்தது. மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும்.

அவரிடம் அந்நாளில், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டபோது தோட்டத்து வேலை போயிற்று. காட்டில் யாரும் தாள் கேட்கவில்லை என்பதால் பேய் லோரியில் ஏறினார். அவருடைய வேலை, இறக்கத்தில் லோரியோடு கூடவே ஓடி, பிரேக் பிடிக்காத இடத்தில் பின்சக்கரத்துக்குக் கீழே மரக்கட்டையை வைப்பது. ஓட்டுநர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ, அந்தக் கட்டையைச் சுமந்து ஓடியவனின் வேலையே எல்லாவற்றிலும் கடினமானதாகத் தோன்றுகிறது. அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

லாசாவுக்கு அப்பாலுள்ள, தெமியார் என்னும் பூர்வகுடியினரின் கிராமத்துப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். பெரியப்பாவும் அவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். எந்த மரம் செங்கால், எது கெம்பாஸ், எதன் உள்ளே பொந்து விழுந்திருக்கிறது என்று கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தே சொல்லக்கூடியவராக இருந்தார் அவர். ஊதுகுழல் அம்புக்கு நஞ்சு எடுக்கும் ஈப்போ மரம் ஒன்றைத் தள்ளிவிடாமல், டிராக்டர் பாதையைத் தமக்காக வளைத்துக் கொடுத்தவர் இவர்தான் என்று பெரியப்பாவின் தோளைத் தொட்டார்.

ஆனால் அதே மூச்சில், டிராக்டர்கள் வந்த பிறகு ஆறு சிவந்து மீன் அற்றுப்போனதையும் சொன்னார். பெரியப்பா மறுக்கவில்லை. “நாங்கதான் ஓட்டுனோம்” என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதினால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

தீபகற்பத்திலிருந்து வெட்டுமரம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாவதை 1985-இல் முழுமையாகத் தடை செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, கிட்டே இருந்த மரம் தீர்ந்து தவுக்கே ஆலையை மூடினார். பெரியப்பா டி7-ஐக் கடைசியாக ஓட்டிக்கொண்டு வந்து இந்த வளாகத்தில் நிறுத்தினார்.

19 பிப்ரவரி, புதன்

இரும்புக்காரர் வந்துவிட்டார். எடைக்கு எடை என்பதுதான் அவர் கணக்கு. அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. முழு இயந்திரத்தையும் வாங்க என்னிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. லோரியின் கண்ணாடிச் சட்டத்தையும் டி7-இன் குட்டி இஞ்சினையும் மட்டும் கேட்டேன். 600 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். திருகாணிகளை எண்ணெயில் ஊறவைத்துக் கழற்ற நானும் மகனும் காலை முதல் மாலை வரை போராடினோம். ஐந்து மணிக்கு வெட்டும் நெருப்பை மூட்டினார்கள். பெரியப்பாவை நான் அழைத்துச் செல்லவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

குட்டி இஞ்சின் பட்டறை மேசையில் இருக்கிறது. ஒரு சிலிண்டர் இறுகிவிட்டது, மற்றது அசைகிறது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மெக்னெட்டோவுக்குள் எறும்புக் கூடு. பெரியப்பா நாற்காலி போட்டு அருகில் அமர்ந்து, எந்தத் திருகாணியை முதலில் என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேட்டரை நான் கடைசியில்தான் திறந்தேன். இத்தனை ஆண்டுகள் கிடந்த பெட்ரோல், கறுத்த அரக்காக இறுகி, மிதவையையும் ஊசியையும் ஒட்டவைத்திருக்கும் என்பது என் அனுபவம்; சுரண்டுவதற்குக் கத்தியும் தின்னரும் தயாராக வைத்திருந்தேன். கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் சிறிது தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை. பித்தளை மஞ்சளாகவே இருந்தது. ஊசி விரல் பட்டதும் மேலும் கீழும் நகர்ந்தது.

கிண்ணத்தைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, “அன்னிக்கும் குழாய மூடிட்டுத்தான் எறங்குனேன்” என்றார்.