ஆடிப்பட்டம் செல்லாத ஊரில் ஒரு காய்கறித் தோட்டம்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதை நம்பி ஜோகன்னஸ்பர்க்கில் விதைத்தால் விதைக்குத்தான் நஷ்டம். இங்கே ஆடி நடுக்குளிர்காலம். இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேசியா பகுதியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறோம். வசந்தம் ஆவணியில் எட்டிப் பார்த்துவிட்டு புரட்டாசியில்தான் கால் ஊன்றும். புரட்டாசி விரதத்துக்கு வீட்டுக் கீரையே இருக்க வேண்டும் என்ற ஆசையில், போன வருடம் ஆகஸ்டில் கொல்லைப்புறத்தில் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் இடம். தேனிப் பக்கம் வளர்ந்த எனக்கு, வெயில் எங்கே விழும் என்று யோசித்துப் பழக்கமே இல்லை. இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. வீட்டுக்குத் தெற்கே உள்ள இடம் முழுக்க நிழல்; காலையில் வெகுநேரம் வரை புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அதனால் வடக்கு பார்த்த செங்கல் சுவரை ஒட்டிய இடத்தைப் பிடித்தேன். பகலில் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

அந்த இடம் முழுக்க கிகூயு புல். மேலே பார்த்தால் குளிரில் காய்ந்து செத்துப்போனது மாதிரி இருக்கும். மண்வெட்டியைப் போட்டால் உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கொடி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணு மிச்சம் இருந்தாலும் மழை விழுந்ததும் கிளம்பிவிடும். கொத்துவதை விட முள்கரண்டி போன்ற மண்கிளறியால் கிளப்பி, கையால் உருவி எடுப்பதுதான் வழி. கொத்தினால் ஒரு கொடி பத்துத் துண்டாகி, பத்தும் முளைக்கும். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து விட்டதால் பக்கத்துப் புல் உள்ளே வருவதும் குறைந்தது. உதவிக்கு வந்தவர் லிம்போபோ மாகாணத்துக்காரர். மழைக்குப் பிறகு இங்கே மொரோகோ என்கிற கீரை தானாக வரும், களை என்று பிடுங்கிப் போட்டுவிடாதே என்றார். வந்த பிறகு பார்த்தால் நம் தண்டுக்கீரைக்குச் சொந்தக்காரி!

செம்மண்தான், ஆனால் நனைந்தால் களிமண்ணாக ஒட்டும். மக்கிய கம்போஸ்ட்டும் மூட்டையில் கிடைக்கும் க்ரால் எருவும் (மாட்டுப்பட்டி எரு) கலந்தேன். கோழி எரு சூடு அதிகம்; அதைப் போட்டால் இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுத்தான் நட வேண்டும்.

அப்புறம் டனல், அதாவது செடிகளுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூடாரம். கறுப்பு நீர்ப்பாசனக் குழாயை வில்லாக வளைத்து, தரையில் அடித்த இரும்புக் கம்பிகளில் செருகி, மேலே வெயிலில் இற்றுப்போகாத 200 மைக்ரான் யுவி பிளாஸ்டிக். ஆகஸ்ட் காற்று இந்த ஊரில் பிரசித்தம். பிளாஸ்டிக் ஓரத்தைக் கல் வைத்து அமுக்கினால் போதாது, பள்ளம் வெட்டி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். இரண்டு பக்கமும் திறந்து மூடும்படி விட்டேன். பகலில் வெளியே 22 டிகிரி இருக்கும்போது மூடிய டனலுக்குள் தெர்மாமீட்டர் 40-ஐத் தாண்டிவிடும். காலை ஒன்பது மணி வாக்கில் திறப்பது, மாலை நாலு மணிக்கு வெயில் இறங்கும் முன் சூட்டோடு மூடுவது என்று வேலை அமைந்துவிட்டது.

பலர் நினைப்பது போல பிளாஸ்டிக் மட்டும் குளிரைத் தடுக்காது. மேகம் இல்லாத இரவில் மண்ணின் சூடு பாலித்தீன் வழியாகவே வானத்துக்குப் போய்விடும். விடியற்காலையில் வெளியே 2 டிகிரி என்றால் உள்ளே 3, 4 தான். அதற்கு நான் செய்தது இரண்டு காரியம். இரண்டு லிட்டர் பாட்டில்களுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, செடிகளுக்கு நடுவே நிறுத்தினேன். பகல் சூட்டைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் நாற்றுகளின் மேல் உறைபனித் தடுப்புத் துணியைப் போர்த்தினேன். டனலுக்குள் இன்னொரு போர்வை என்றால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் செடி கருகவில்லை.

விதையை ஊரிலிருந்து பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கு: வேண்டாம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. லெனேசியாவிலும் ஃபோர்ட்ஸ்பர்க்கிலும் நம் காய்கறி விதைகள் கிடைக்கின்றன. வெந்தயமும் கொத்தமல்லியும் மளிகைக் கடையில் வாங்கியதே முளைத்தது. மல்லியை மட்டும் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து போட வேண்டும். இவை இரண்டும் குளிரைத் தாங்கும், நேராக டனல் மண்ணிலேயே தூவினேன். மிளகாயும் கத்தரியும் அப்படி இல்லை. மண் 25 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் மனசு வைத்து முளைக்கும். நாற்றுத் தட்டு ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்தது. முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்து சாயும்.

செப்டம்பர் 1 வசந்த நாள் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அன்றைய வெயிலைப் பார்த்து எனக்கும் தக்காளி நாற்றை வெளியே வைக்கக் கை துறுதுறுத்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி டொங்காட்டில் பிறந்தவர், கல்யாணமாகி இங்கே வந்தவர். “எங்க டர்பன் பக்கம் பனியே கிடையாதும்மா, ஆகஸ்டுலயே போடலாம். இங்க ஹெரிட்டேஜ் டே தாண்டட்டும்” என்றார். அந்த விடுமுறை செப்டம்பர் 24. அவர் சொன்னது மாதத்தின் நடுவிலேயே தெரிந்துவிட்டது: ஒரே இரவில் தெருவில் வெளியே வைத்திருந்த நாற்றெல்லாம் கறுத்துத் தொங்கின. என் நாற்றுகள் டனலில் இருந்தன. பகலில் மட்டும் வெளியே எடுத்து, ஒரு வாரம் பத்து நாள் காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்கி, 24-க்குப் பிறகு நட்டேன்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் செப்டம்பர் முதல் மார்ச் கடைசி வரை காலை 6 முதல் மாலை 6 வரை தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் மழையும் கிடையாது, மழைநீர் சேர்க்கும் ஜோஜோ டேங்க் அக்டோபர் வரை காலியாகத்தான் இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் வாளியில் சேர்ந்தது. ஈர மண்ணைப் பார்த்ததும் ஹடெடா பறவைகள் வந்துவிடும். நீண்ட வளைந்த மூக்கைப் புழுவுக்காகக் குத்தும்போது நாற்றும் சேர்ந்து வெளியே வரும். அவற்றுக்காக வலை கட்டினேன்.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு வெந்தயக்கீரைப் பருப்புக் கூட்டு. அதற்கு மட்டும்தான் தோட்டம் தயார். மல்லி அடுத்தடுத்த வாரங்களில் வந்தது. தண்டுக்கீரைக்கு மழை வர வேண்டியிருந்தது.

இந்த வருடம் அக்டோபரில் டனல் பிளாஸ்டிக்கைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, அதே வில்களில் 40 சதவீத வெள்ளை நிழல்வலை கட்டப் போகிறேன். பிற்பகல் இடிமழையோடு ஆலங்கட்டி விழும் காலம் அது. பிளாஸ்டிக் கிழியும், வலை தாங்கும். அதன் கீழே வெண்டையும் கொத்தவரையும்.