முதுகுப் பக்கத்து மூச்சு: இரட்டைக் குழாய் ரெகுலேட்டர் நாட்குறிப்பு

பிப்ரவரி 2, 2025

இன்று மேசைக்கு வந்திருப்பது அமெரிக்காவின் யூ.எஸ். டைவர்ஸ் கம்பெனி செய்த டிஏ அக்வாமாஸ்டர். ஸ்கூபா மூழ்கலில் சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர் இது. 1960-கள் முழுக்க அங்கே கடைகளில் விற்ற மாடல். பழைய இரட்டைக் குழாய்க் கருவியில் மூழ்கிப் பார்க்க வேண்டும் என்று புதிதாக ஆசைப்படுகிறவர்கள் இதில் தொடங்குங்கள். இல்லையென்றால் இதற்கு அடுத்து வந்த ராயல் அக்வா மாஸ்டரில் தொடங்குங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை, உதிரி பாகத்துக்காகச் சொல்கிறேன். இந்த இரண்டுக்கும் டயாஃப்ரம் (அழுத்தத்துக்கு ஏற்ப அசையும் ரப்பர் தட்டு), குழாய், மவுத்பீஸ் வால்வு, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். டேகோர், ஹெல்த்வேஸ், நெம்ராட் ஆகியவையும் நல்ல கருவிகள்தான். ஆனால் அவற்றுக்குப் பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டாவதாக வாங்கும்போது அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது ரப்பர் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம். அது எல்லாமே தூக்கிப் போட வேண்டியதுதான். பார்க்க வேண்டியது உலோகத்தை. முதலில், முதுகில் உட்காரும் வட்ட டப்பாவின் விளிம்பு. மேல் மூடிக்கும் கீழ் டப்பாவுக்கும் நடுவில் டயாஃப்ரத்தின் ஓரம் நசுங்கி உட்கார்ந்துதான் தண்ணீரைத் தடுக்கிறது. அந்த விளிம்பில் சின்ன நெளிவு இருந்தாலும் கசியும். அடுத்தது யோக், அதாவது சிலிண்டர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் வளையம். அதை நேர்க்கோட்டில் வைத்துப் பாருங்கள், வளைந்திருக்கக் கூடாது.

மூன்றாவது, காற்று நுழையும் இடத்தில் இருக்கும் உலோக ஃபில்டர். கருவியின் வரலாறு அதன் நிறத்திலேயே தெரியும். பச்சை என்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரில் ஓடியது. கருப்பு என்றால் கம்ப்ரஸரின் கரித்தூள். பச்சையாக இருந்தால் உள்ளே ஸ்பிரிங்கும் வால்வு முனையும் அரித்திருக்கலாம் என்று கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

பிப்ரவரி 4

கழற்றுவதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை தெளிவாக எழுதிவிடுகிறேன். இது புரியாமல் தண்ணீரில் இறங்கினால் எல்லாமே கோளாறாகத் தெரியும்.

ரெகுலேட்டர் அழுத்தத்தை இரண்டு நிலைகளில் குறைக்கிறது: முதல் நிலை சிலிண்டர் அழுத்தத்தை இடைநிலை அழுத்தமாக்கும், இரண்டாம் நிலை அதை மூச்சுக்கு ஏற்றதாக்கும். இப்போதைய ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரில் இரண்டாம் நிலை வாயருகே இருக்கிறது. இதில் இரண்டு நிலைகளும் முதுகில் இருக்கும் வட்ட டப்பாவுக்குள்ளேயே இருக்கின்றன. வலது தோள் மேல் வரும் குழாயில் காற்று வாய்க்கு வருகிறது. விட்ட மூச்சு இடது குழாய் வழியாக டப்பாவுக்கே திரும்பிப் போய், அங்கே இருக்கும் தட்டையான ரப்பர் வாய் வழியாக வெளியேறுகிறது. வாத்தின் அலகு போல இருப்பதால் அதற்கு டக்பில் என்று பெயர்.

விட்ட மூச்சு ஏன் முதுகு வரை சுற்றிப் போக வேண்டும்? 1943-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் ஏர் லிக்விட் கம்பெனியின் எஞ்சினியர் எமில் காஞ்ஞானும் பாரிஸ் அருகே மார்ன் ஆற்றில் முதல் மாதிரியைச் சோதித்தபோது, படுத்த நிலையில் ஒழுங்காக வேலை செய்த கருவி, உடல் நிமிர்ந்ததும் காற்றை வீணாகக் கொட்டியது. மூச்சு வெளியேறும் வாய் ஒரு ஆழத்திலும் டயாஃப்ரம் வேறு ஆழத்திலும் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் கோளாறு தீர்ந்தது. டக்பில் இன்றும் டயாஃப்ரத்தை ஒட்டியே இருப்பது அதனால்தான்.

டயாஃப்ரம் எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அந்த ஆழத்தின் அழுத்தத்தில்தான் காற்று வருகிறது. கருவியின் குணம் முழுக்க இதில் அடங்கிவிட்டது. குப்புற நீந்தும்போது முதுகு டப்பா நுரையீரலைவிட மேலே இருக்கிறது. 10 செ.மீ. மேலே இருந்தால் 10 செ.மீ. தண்ணீரின் அழுத்தத்தை நீங்கள்தான் உறிஞ்சி ஈடுகட்ட வேண்டும். அதனால் இழுக்கக் கொஞ்சம் கனமாக இருக்கும், விடுவது சுலபம். மல்லாந்தால் தலைகீழ்: காற்று தானாக வாய்க்குள் தள்ளும், விடுவது கனம். மவுத்பீஸை எடுத்து டப்பாவுக்கு மேலே உயர்த்தினால் காற்று கொட்டும். கீழே இறக்கினால் நிற்கும். இவை கோளாறுகள் அல்ல.

பிப்ரவரி 9

கழற்றிச் சுத்தம் செய்யும் நாள். ஒவ்வொரு பாகமும் வெளியே வரும்போது போட்டோ எடுத்து, அதே வரிசையில் வெள்ளைத் துணியில் வையுங்கள். யோக் நட்டுக்கு அதற்குரிய ஸ்பானர் வேண்டும். கொறடு போட்டால் குரோம் பூச்சு உரிந்துவிடும், உரிந்த இடத்தில் பித்தளை பச்சை பூக்கும்.

முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். உப்புக் கறையும் பச்சையும் மிச்சம் இருந்தால் வெள்ளை வினிகரும் வெந்நீரும் சரிபாதி கலந்து பித்தளைப் பாகங்களை ஊறவையுங்கள். போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்திலேயே இருந்து சில நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதிக நேரம் ஊறினால் தளர்ந்த குரோம் பூச்சின் அடியில் அமிலம் புகுந்து பொக்கு எழுப்பும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, குறைந்த அழுத்தக் காற்றால் ஊதி உலர்த்துங்கள்.

உயர் அழுத்த வால்வு முனையை மட்டும் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். சீட் (முனையை அடைக்கும் மென்மையான பாகம்) உட்காரும் அந்த மெல்லிய வட்ட விளிம்பில் ஒரு கீறல் இருந்தால் போதும், எத்தனை புது சீட் போட்டாலும் நிற்காது. நகத்தாலோ ஊசியாலோ அதைத் தொடாதீர்கள்.

பிப்ரவரி 12

மாற்ற வேண்டிய ரப்பர்: பெரிய டயாஃப்ரம், முதல் நிலை டயாஃப்ரம், டக்பில், இரண்டு குழாய்கள், மவுத்பீஸ், அதிலுள்ள இரண்டு ஒருவழி வால்வுகள், சீட்டுகள், எல்லா ஓ-ரிங்குகளும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று பழைய குழாயை விட்டுவைக்காதீர்கள். மடிப்பை விரல்களால் விரித்துப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் தலைமயிர் போல வெடிப்பு தெரியும். மேசையில் கசியாத அந்த வெடிப்பு, தண்ணீரில் தலையைத் திருப்பும்போது திறந்துகொள்ளும்.

பிப்ரவரி 16

பூட்டும் வேலை. ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் விரலில் பளபளப்பு தெரியும் அளவு மட்டும். இந்தக் கருவி சாதாரணக் காற்றுக்கு. ஆக்சிஜன் கூட்டிய கலவைக்கு இதே சுத்தமும் இதே கிரீஸும் போதாது.

பெரிய டயாஃப்ரத்தை வைப்பதற்கு முன் டப்பாவுக்குள், டயாஃப்ரம் அழுத்தும்போது வால்வைத் திறக்கும் லீவரின் உயரத்தைச் சரிபாருங்கள். விளிம்பின் குறுக்கே ஸ்கேலை வைத்து, லீவர் முனை எங்கே நிற்கிறது என்று சர்வீஸ் குறிப்போடு ஒப்பிட வேண்டும். உயரம் கூடினால் டயாஃப்ரம் எப்போதும் அதை அழுத்திக்கொண்டே இருக்கும், காற்று ஒழுகும். குறைந்தால் டயாஃப்ரம் வெகுதூரம் உள்வாங்கிய பிறகே வால்வு திறக்கும், இழுக்கக் கனமாக இருக்கும். பல பேர் இந்தக் கனத்தை ஸ்பிரிங்கைத் திருகிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். லீவரை விட்டுவிட்டு ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது.

இடைநிலை அழுத்தத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். அக்வாமாஸ்டரில் கேஜ் மாட்ட குறைந்த அழுத்தத் துளை கிடையாது, அதற்கென்று செய்த அடாப்டர் தேவை. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணுக்கு வைத்துவிட்டு, முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். நின்றால் சரி. மெதுவாக ஏறிக்கொண்டே போனால் முதல் நிலை சீட் கசிகிறது. திறந்து ஒரு நிமிடம் கழித்துத் தொடங்கும் மெல்லிய இரைச்சலுக்கு அதுதான் காரணம். இன்னொன்று: டிஏ அக்வாமாஸ்டரின் முதல் நிலை பேலன்ஸ்டு அல்ல, அதாவது சிலிண்டர் அழுத்தம் மாறுவதை ஈடுகட்டாது. சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்க இடைநிலை அழுத்தம் சற்று ஏறும். அதனால் நிரம்பிய சிலிண்டரில் ஒரு தடவை, பாதிக்குக் கீழே இறங்கிய சிலிண்டரில் ஒரு தடவை என்று இரண்டிலும் சோதியுங்கள். ராயலில் இந்த ஏற்றம் இல்லை.

மவுத்பீஸ் வால்வுகளின் திசையைக் குழாய் மாட்டும் முன்பே பாருங்கள். இடது முனையைக் கையால் அடைத்து உறிஞ்சினால் வலது பக்கம் காற்று வர வேண்டும். வலது முனையை அடைத்து ஊதினால் இடது பக்கம் போக வேண்டும். ஒரு வால்வு திரும்பியிருந்தாலும் மூச்சு அடைபடும்.

பிறகு கசிவுச் சோதனை. முழுக்கப் பூட்டிய கருவியின் நுழைவாயில் மூடியைப் போட்டு, மவுத்பீஸில் மெதுவாக உறிஞ்சி நிறுத்துங்கள். உறிஞ்சியதால் உண்டான வெற்றிடம் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வலது குழாயை டப்பா அருகே நெரித்து மறுபடி உறிஞ்சுங்கள். இப்போது நின்றால் கசிவு டப்பாப் பக்கம், நிற்காவிட்டால் குழாய் அல்லது மவுத்பீஸ். இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். உறிஞ்சும்போது மவுத்பீஸின் இடது வால்வு மூடிக்கொள்வதால் டக்பில்லின் கசிவு வெளியே தெரியாது. இடது குழாயை மவுத்பீஸிலிருந்து கழற்றி, குழாய் முனையில் நேராக வாய் வைத்து உறிஞ்சினால்தான் அது சரியாக மூடுகிறதா என்று தெரியும்.

குழாய்களின் கிளாம்ப் திருகுத் தலைகள் கன்னத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்து இருக்கட்டும்.

பிப்ரவரி 22

சிலிண்டர். இந்தக் காலத்துக் கருவிக்குப் பொருத்தமான துணை ஸ்டீல் 72 என்ற இரும்புச் சிலிண்டர். பெயர் 72 என்றாலும் 2475 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் அது பிடிப்பது 71.2 கன அடி. காலியான பிறகும் தண்ணீரில் மேலே தூக்காது; அலுமினியம் 80 காலியானால் கிட்டத்தட்ட 4 பவுண்டு தூக்கும். அமெரிக்காவில் 5 ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனையும் ஆண்டுக்கு ஒரு முறை உட்புறப் பார்வையும் நடைமுறை. பழைய அலுமினியம் சிலிண்டர் கிடைத்தால் உலோகக் கலவையைப் பாருங்கள்: 6351 என்றால் கழுத்தில் வெடிப்பு விழுந்த வரலாறு உண்டு. அதை விட்டுவிடுவதே நல்லது.

பழைய யோக்குகள் அந்தக் காலத்து அழுத்தத்துக்குச் செய்தவை. 3000 பிஎஸ்ஐ-யில் மெல்லிய யோக் விரிந்து ஓ-ரிங்கைத் துப்பிவிடலாம். தவிர, இப்போதைய வால்வுகளின் உடல் பருமனானது; பழைய யோக் சிலவற்றில் நுழையவே நுழையாது. புது யோக் மாட்டிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

பழைய கருவியில் பிரஷர் கேஜுக்கும் இடம் கிடையாது. அந்நாளில் ஜே-வால்வை, அதாவது கடைசிக் காற்றைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும் சிலிண்டர் வால்வை, நம்பி மூழ்கினார்கள். ஒற்றைச் சிலிண்டரில் சுமார் 300 பிஎஸ்ஐ மிச்சம் இருக்கும்போது மூச்சு கனக்கும். கம்பியைக் கீழே இழுத்தால் அந்த மிச்சம் திறக்கும். கம்பி எதிலாவது சிக்கி முன்பே இறங்கிவிட்டால் எச்சரிக்கையே இருக்காது. அதனால் யோக்குக்கும் உடலுக்கும் நடுவில் அமரும் பான்ஜோ இணைப்பைப் போட்டு கேஜ் மாட்டுங்கள். கூட்டாளிக்குக் கொடுக்க ஆக்டோபஸும் (கூடுதல் இரண்டாம் நிலை) வேண்டுமென்றால், துளைகளோடு வரும் ஃபீனிக்ஸ் மாற்றுப் பாகம் போடலாம், அல்லது இரட்டை வாய் உள்ள வால்வில் தனியாக ஒரு ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரை மாட்டலாம். இரண்டாவதை முதலில் செய்யுங்கள்: பழைய கருவியைப் பழகும் நாட்களில் பக்கத்திலேயே முழுமையான இன்னொரு ரெகுலேட்டர் இருக்கும்.

சிலிண்டரைக் கட்டும் உயரம்தான் மூச்சின் எடையைத் தீர்மானிக்கிறது. ஒற்றைக் குழாய்க்காரர்கள் கட்டும் உயரத்தில் கட்டினால் டப்பா பிடரிக்குப் போய்விடும். இறக்கிக் கட்டி, டப்பா இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், முதுகை ஒட்டி உட்கார வேண்டும். ரொம்ப இறங்கினால் குழாய் மவுத்பீஸைப் பின்னால் இழுக்கும், தாடை வலிக்கும். கட்டிவிட்டுத் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

மார்ச் 1

நீச்சல் குளம், நிற்கும் ஆழம். ஸ்கூபா சான்றிதழ் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுங்கள். முதலில் அந்தப் பயிற்சி.

தண்ணீர் வெளியேற்றும் முறை இதில் வேறு. அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. மவுத்பீஸ் வாயில் இருக்கும்போதே தண்ணீர் புகுந்தால் இடது தோள் கீழே போகும்படி உருண்டு பலமாக ஊதுங்கள். தண்ணீர் இடது குழாய் வழியாக டக்பில்லுக்குப் போய்விடும். வாயிலிருந்து நழுவிவிட்டால், குழாயில் இருக்கும் காற்றால் மவுத்பீஸ் மேலே மிதந்து தலைக்குப் பின்னால் நின்று கொட்டிக்கொண்டிருக்கும். தலையை நிமிர்த்தி, வலது தோளிலிருந்து குழாயைத் தடவிக்கொண்டே போய்ப் பிடியுங்கள். டப்பாவுக்கு மேலே பிடித்தால் வரும் காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும். மவுத்பீஸின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிக் கடித்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்திலும் மூச்சை அடக்காமல் சிறுசிறு குமிழாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

குப்புற, செங்குத்து, மல்லாந்து என்று மூன்று நிலையிலும் மூச்சின் எடை மாறுவதை உடம்பு பழகும் வரை குளத்தை விடாதீர்கள். நீளமாக, நிதானமாக இழுக்கிறவர்களுக்கு இது வெகு சுகமான கருவி. குமிழிகள் தலைக்குப் பின்னால் போவதால் காதருகே இரைச்சல் இல்லை, கண்ணாடிக்கு முன்னால் திரை இல்லை. மீனை நெருங்கிப் படம் எடுப்பவர்கள் இதைக் கைவிடாததற்கு இதுதான் காரணம்.

மார்ச் 2

அலசுவது பற்றி. கருவியைச் சிலிண்டரில் மாட்டி, காற்றைத் திறந்துவைத்து, டப்பாவின் துளைகளில் நல்ல தண்ணீர் விடுங்கள். இடது குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி டக்பில் வழியாக ஓட விடலாம். வலது குழாய்க்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது, அது நேராக லீவரும் வால்வும் இருக்கும் உலர்ந்த பக்கத்துக்குப் போய்விடும். குழாய்களை மடிக்காமல், வெயில் படாத இடத்தில், மின் மோட்டாருக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும்.