யார் வாங்கிக் கொடுத்தது?

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. காவிரிக் கரையில் இருக்கும் மருத்துவமனைகளுக்கு அது தூங்காத ராத்திரி. காலையில் வார்டுக்குப் போனால், பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் டிரிப்ஸோடு படுத்திருக்கிறான். வயது 16. (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

படித்துறைக்குப் பின்னால், வெறும் வயிற்றில், ஒரு குவார்ட்டர் முழுக்க. விழுந்தவனை மல்லாக்கப் படுக்க வைத்து, தெளியட்டும் என்று கூட்டாளிகள் வாயில் மோர் ஊற்றியிருக்கிறார்கள். நினைவில்லாதவன் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகலாம், வாந்தியும் அப்படித்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிட வேண்டும். நல்லவேளை, ஒருவன் பயந்துபோய்க் கூப்பிட்டுவிட்டான்.

வரும்போது ரத்தச் சர்க்கரை 48. சாப்பிடாமல் குடித்தால் சின்ன வயசுக்காரர்களுக்கு இப்படி இறங்கிவிடும். டூட்டி டாக்டர் முதலில் கேட்டது, "கடைச் சரக்கா, வேற எதாவதா? கண்ணு தெரியுதா?" என்றுதான். 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால் (கண்ணையும் பறிக்கும் விஷம்) அத்தனை பேரைக் கொண்டுபோன பிறகு யாரும் அதைக் கேட்காமல் விடுவதில்லை. கடைச் சரக்குதான்.

180 மில்லி, 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். மோரோ, எலுமிச்சையோ, தலையில் ஊற்றும் தண்ணீரோ அதை அவசரப்படுத்தாது.

வார்டு வாசலில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஸ்கூலுக்குத் தெரிஞ்சுடுமா மேடம்?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டிஸ்சார்ஜ். அதற்குள் வராந்தாவில் பெரிய சண்டை. பாட்டிலை வாங்கிக் கொடுத்தது பையனுடைய தாய்மாமா மகன், 23 வயது. "உன் பொறந்த வீட்டு லட்சணம் இதுதானா?" என்று அத்தை ஆரம்பிக்க, மாமா வேட்டியை மடித்துக் கட்ட, செவிலியர் வந்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

சட்டப்படி அது சின்ன விஷயமில்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மது விற்கவே கூடாது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு ஊற்றிக் கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதைச் சொன்னதும் மாமா அடங்கிவிட்டார். ஆனால் 'யார் வாங்கிக் கொடுத்தது' என்ற கேள்வியிலேயே இரண்டு குடும்பமும் நின்றுவிட்டதுதான் எனக்கு உறுத்தியது. பையனிடம் யாரும் எதையுமே கேட்கவில்லை. கையில் ஊசி இருக்கும்போதே குலதெய்வத்தின் மேல் சத்தியம் மட்டும் வாங்கியாகிவிட்டது. அந்த நிலையில் எந்தப் பையனும் எதற்கும் சத்தியம் செய்வான்.

வீட்டில் முதல் இரண்டு மூன்று நாள் அடி, வசவு, விசாரணை எதுவும் வேண்டாம், சாப்பாடும் தூக்கமும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். பேச்சு அதற்கப்புறம்.

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசினேன். நீ சொல்வது வெளியே போகாது, ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டில் சொல்லத்தான் செய்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் பிறகு ஒரு வார்த்தை வராது.

தனியாகக் குடித்திருக்கிறாயா, குடித்தவன் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, நடந்தது மறந்துபோயிருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். இது முதல் தடவை இல்லை. பைக்கில் மூன்று பேராகப் போனதும் உண்டு. ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. குடித்தால் என்ன நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்துவிட்டுச் சொன்னான்: "அப்பா சனிக்கிழமை ராத்திரிதான் எங்கிட்ட சிரிச்சுப் பேசுவாரு."

ஆகஸ்ட் 13, புதன்

அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப். 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், ஏழே நாளில் குடி மறக்கும்' என்று ஒரு பொடி விளம்பரம். உடனே போன் செய்து வேண்டாம் என்றேன். இப்படிப்பட்ட பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் எழுதும் டைசல்பிராம் என்ற மருந்து அதில் இருந்து, அதன்மேல் அவன் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து மறுபடி எமர்ஜென்சிதான். டாக்டர் எழுதும் டைசல்பிராமையே ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது.

கோயிலில் கயிறு கட்டலாமா என்றார். தாராளமாக, அவனுக்கு இஷ்டமிருந்தால்.

ஆகஸ்ட் 23, சனி

ஒருவழியாக அப்பா வந்தார். "நானே குடிக்கிறவன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவனைக் கேக்கறது?"

குடிக்கிற அப்பாவுக்குப் பேசத் தகுதியில்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டால் வீட்டில் பேசவே ஆளில்லை. "நீ விழுந்து கிடந்ததைப் பார்த்து எனக்கு உயிர் போச்சு" என்று குடிக்காத ஒரு நாளில் அவர் சொன்னால் போதும். பீரோ மேல் இருக்கும் பாதி பாட்டில் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றேன். முனகினார், சரி என்றார்.

அடுத்த வாரம் அதே மாமா வீட்டில் கல்யாணம். பையனை அழைத்துப் போகவே கூடாது என்பது அம்மா கட்சி. போகாவிட்டால் ஊரே காரணம் கேட்கும் என்றான் பையன், அதுவும் நியாயம்தான். கடைசியில் ஒரு ஏற்பாடு: முதல் நாள் ராத்திரி யாராவது வற்புறுத்தினால் அப்பாவுக்கு ஒரு மிஸ்டு கால். அப்பா திருப்பி அழைத்து, "அம்மா தேடுறா, வாடா" என்பார். கூப்பிட்டதற்காகத் திட்டக் கூடாது. அன்றைக்கு ஒரு கேள்வியும் கூடாது. இதை அப்பா வாயாலேயே பையனிடம் சொல்ல வைத்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அம்மா போன் செய்தார். மிஸ்டு கால் வந்திருக்கிறது. அப்பாவும் சொன்னபடி அழைத்திருக்கிறார். ஆனால் அவரே மண்டபத்துக்குப் பின்னால் மச்சான்களோடு இரண்டு ரவுண்டு முடித்திருந்தார். வண்டியை எடுக்கவில்லை, ஆட்டோ பிடித்துப் பையனைக் கூட்டி வந்திருக்கிறார். அம்மாவுக்கு ஒரே ஆத்திரம். எனக்குக் கோபம் பாதிதான். பையன் குடிக்கவில்லை, கூப்பிட்டான், அப்பா போனார். அப்பாவின் குடியைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதற்கு மனநல டாக்டரிடம் இன்னொரு சீட்டு போடச் சொல்லப் போகிறேன்.

பையன் வீட்டில் யாரிடமும் பேசவில்லையாம். அம்மா போனிலிருந்து எனக்கு ஒரு மெசேஜ் மட்டும்: அடுத்த தடவை அப்பாவும் உள்ளே உட்காரலாமா? முதலில் நீ மட்டும் வா, அப்புறம் அவரைக் கூப்பிடுவோம் என்று பதில் போட்டிருக்கிறேன்.